அரை நிமிடத்தில் திறந்த கணினி

புயல் ஓய்ந்த மறுநாள், வேறு கரைகளில் ஒதுங்கிப் பிழைத்த மீனவர்களின் பட்டியலோடு ராமநாதபுரம் மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து பாம்பனுக்கு வந்திருந்தார் அந்த எழுத்தர் அம்மா. நரைத்த கொண்டை, கழுத்தில் சிறு சிலுவை. பட்டியல் இருந்த மடிக்கணினி அலுவலகத்தில் உடனே திறக்கும். கடற்கரைக் கொட்டகையில் பத்து நிமிடம் எடுத்தது. சரிசெய்ய என்னை அனுப்பினார்கள்.

கணவன் பெயர் இருக்கிறதா என்று கேட்க வரிசையில் நின்ற பெண்களில் ஒவ்வொருவரும் கேட்டுப் போனதும் அவர் கணினியை அணைத்துவிடுவார். பேட்டரிக்காக என்று நினைத்தேன். மறுபடி திறக்கும்வரை அடுத்தவளின் கையைப் பிடித்துக்கொள்வார். "சாப்பிட்டியாத்தா? பிள்ளைகள யாரு பாத்துக்கிறா?"

கோளாறு பெரிதல்ல. கடவுச்சொல் போட்டதும் அது அலுவலகக் கணினிகளைத் தேடியது. அவை கிடைக்காது என்று தெரிந்த பிறகே திறந்தது. அந்தத் தேடலை நிறுத்தினேன். அரை நிமிடத்தில் திறந்தது.

அடுத்து வந்த பெண் உட்காரக்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கா?"

"இல்லத்தா."

அவள் நின்ற இடத்திலேயே மணலில் சரிந்தாள். தண்ணீர் தெளித்து, உறவுக்காரர்கள் தாங்கிப் போனார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "பழையபடி ஆக்கிக் குடுக்க முடியுமா தம்பி?"

"ஏம்மா?"

"அந்தப் பத்து நிமிசத்துல அவுகள கொஞ்சம் திடப்படுத்திருவேன்."

"எல்லாரும் வெயில்ல காத்து நிக்கிறாகளேம்மா."

அவர் வரிசையைப் பார்த்தார். அடுத்த பெண்ணை அழைத்தார்.

நான் மாற்றிக் கொடுக்கவில்லை. செய்தது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை.