அமராவதியின் இங்கிலீஷ்

கறம்பக்குடிக்குத் தெற்கே ஆடு வாங்கப் போகிறவர்கள் அமராவதியின் வீட்டை யாரிடமும் விசாரிப்பதில்லை. போனில் போடும் வீடியோவிலேயே அவள் வழி சொல்லிவிடுவாள். "ஸ்டாப்புல எறங்கி இங்கிட்டு வாங்க. அங்கிட்டுப் போனீங்கன்னா கம்மாய்க்குள்ளதான் எறங்கணும்."

புருஷன் முத்துராஜ் குவைத்துக்கு லாரி ஓட்டப் போன பிறகு ஆரம்பித்த தொழில் அது. பட்டிக்குள் நின்றபடியே பேசுவாள். எந்தக் கிடாய் முட்டும், எந்த ஆடு வேலி தாண்டும், எந்த வியாபாரி கடனுக்கு வாங்கிப் போய்விட்டுப் போனை எடுக்கவில்லை, எல்லாம் சொல்வாள். சுற்று வட்டாரத்து ஆட்கள் பார்த்தார்கள், வந்தார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர், இங்கிலீஷில் பேசினால் எங்களுக்கும் புரியுமே என்று எழுதிக் கேட்டார். பக்கத்துத் தெருவில் நர்சிங் படிக்கும் ஷர்லி அதைப் படித்துச் சொன்னாள். பேச வேண்டியதைத் தமிழெழுத்தில் எழுதியும் கொடுத்தாள். அமராவதி உருப்போட்டுத்தான் வைத்திருந்தாள். போனுக்கு முன்னால் நின்றதும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முந்தின வாரம் பின்னங்கால் முன்னால் வந்து சிக்கிக்கொண்ட குட்டியை, டாக்டர் கிடைக்காமல் அவளே கைவிட்டு எடுத்திருந்தாள். அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். "திஸ் கோட், டெலிவரி ப்ராப்ளம். லெக் ஃபர்ஸ்ட் கமிங். டாக்டர் நோ. மை ஹேண்ட் ஒன்லி!" சொல்லிவிட்டுப் பெருமையாக வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அந்தக் கை ஊரெல்லாம் பரவியது. எவனோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்துப் போட்டிருந்தான். 'ஆட்டுக்காரிக்கு எதுக்கு இங்கிலீசு', 'வெள்ளக்காரன் கேட்டா நாண்டுக்குவான்' என்று கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். எல்லாம் தமிழில். இங்கிலீஷில் திட்டியிருந்தாலாவது புரியாமல் போயிருக்கும்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, "மை ஹேண்ட் ஒன்லி" என்றார். பஸ்ஸே சிரித்தது. மகள் தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை விசிறி எறிந்தாள். "நீ தமிழ்லயே பேசித் தொலஞ்சிருக்கக் கூடாதாம்மா?"

குவைத்திலிருந்து முத்துராஜ் கூப்பிட்டான். "ரூம்ல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் பாத்துட்டானுங்க. அழிச்சு விடு."

"நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

"அழின்னா அழி." போனை வைத்துவிட்டான்.

அமராவதி தண்ணீர்ச் சட்டியை எட்டி உதைத்தாள். ஆடுகள் மிரண்டு மூலையில் ஒண்டின. அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

வெட்டிப் போட்டவனுடைய மற்ற வீடியோக்களை ஷர்லி தேடி எடுத்தாள். ஒன்றில் அவனுக்குப் பின்னால் ஒரு மொபைல் கடைப் பலகை தெரிந்தது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு. மறுநாள் அமராவதி அங்கே போய் நின்றாள்.

கடையில் இருந்தவனுக்குக் கவியரசன் என்று பெயர். இருபத்தஞ்சு வயசிருக்கும். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தான். "அக்கா! வாங்க வாங்க. ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

"கழுத சத்தம் நீ போட்டதா?"

"சும்மா ஜாலிக்குத்தாங்க்கா. என்னாலதானே நீங்க ஃபேமஸ் ஆனீங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு வடநாட்டுப் பையன் வாசலுக்கு வந்தான். கட்டட வேலைக்காரன், கையெல்லாம் சிமெண்ட். "அண்ணா, சார்ஜர் குடு. பழசு செத்துப் போறான்" என்றான். கவியரசன் குலுங்கிச் சிரித்து அவன் தோளில் தட்டினான். "பாருங்கக்கா, வந்து ஆறு மாசந்தான். என்னமா தமிழ் பேசுறான்! தங்கம்!"

அமராவதிக்குக் குரல் தன்னால் உயர்ந்தது.

"அவன் தமிழக் கொதறுனா தங்கமா? நான் இங்கிலீசக் கொதறுனா கழுதயா? சொல்லுடா. அது ஒன் ஆத்தா பேசுற பாஷையா, அத நான் கெடுத்துப்புட்டேன்னு ஒனக்கு வலிக்குது? ஒன் ஆத்தாளுக்கு எவ்வளவுடா இங்கிலீசு தெரியும்? கூட்டியா, கையத் தூக்கச் சொல்லிப் படம் புடி. கழுத சத்தத்த நானே கத்துறேன்!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஒருவர் போனைத் தூக்கினார். "நல்லாப் பிடிங்க! முழுசாப் போடுங்க!" என்று அவரையும் பார்த்துக் கத்தினாள். சார்ஜர் கேட்டவன் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் விழித்தான். கவியரசன் காது சிவக்க, அவள் கண் முன்னாலேயே அந்த வீடியோவை அழித்தான்.

அழித்து என்ன? அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போதும் பஸ்ஸில் யாரோ அதைத்தான் ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைவாசலில் அவள் கத்தியதும் சாயங்காலமே பரவியது. 'திமிரப் பாரு' என்று பாதிப் பேர், 'சரியாத்தான் கேக்குது' என்று பாதிப் பேர். அவள் எதையும் படிக்கவில்லை. தன்னுடைய வீடியோவை அழிக்கவுமில்லை.

பத்து நாள் பேசாமலிருந்த முத்துராஜ் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். "இன்னும் அத எடுக்கலையா நீ?"

"எடுக்க மாட்டேன். ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அங்க போன புதுசுல நீங்க அரபி பேசுனப்ப யாரும் சிரிக்கலையா?"

அந்தப் பக்கம் அவன் ரூம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சிரிச்சாங்க," என்றான். "மொதலாளி மகன் நான் பேசுறத அவன் கூட்டாளிகளக் கூப்பிட்டு வச்சுக் கேப்பான். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லுவான்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்ற விஷயமா அது?"

அமராவதிக்கு மறுபடி கோபம் பொங்கியது. இந்த முறை முகம் தெரியாத அந்த மொதலாளி மகன் மேல். முத்துராஜ் அழிக்கச் சொல்லவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. பட்டியில் நிற்கும் சினையாடு எப்ப ஈனும் என்று மட்டும் கேட்டான்.