கடையில் கேட்க முடியாத தகடு

என் இடது மார்பில் கட்டி இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கை வலிக்குது என்றேன். நாள் முழுக்க நைட்டி தைக்கிறவளுக்குக் கை வலிப்பதில் என்ன அதிசயம்? அம்மாகூட நம்பினாள்.

சுடலைமணி நம்பவில்லை. ஒரே தெரு, ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து விளையாடியவன். நான் ஏழாவதோடு நின்றேன், அவன் விசைத்தறிக்குப் போனான். அவன் மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. ஊர் பேசும் என்று வாசலில் நின்றே பேசிக்கொள்வோம்.

"ஏட்டி செல்வி, கை வலின்னா கையத்தான தடவணும்? நீ ஏன் சேலையை இழுத்து இழுத்து மூடுத?"

அழுதுகொண்டே கட்டி இருப்பதைச் சொன்னேன். அவன்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். புற்றுநோய், மார்பை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆண் டாக்டர் முன்னால் சேலை விலக்கிய கூச்சமே எனக்குத் தீரவில்லை. அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தபசும் முடிந்தது. "அம்மனுக்குத் தகடு போட்டுட்டுக் கெளம்புவோம். இதுக்கு மேல தள்ளாத" என்றான்.

கோயில் வாசல் கடையில் கண், கை, கால், வயிறு என்று உறுப்பு உறுப்பாக வெள்ளைத் தகடுகள் கிடந்தன. எந்த உறுப்பில் நோயோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். எனக்கு வேண்டியதும் ஓரமாகக் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள். கைத் தகட்டை எடுத்தேன்.

"கை இல்ல அண்ணாச்சி, மாருத் தகடு குடுங்க" என்றான் மணி.

கடைக்காரர் சாதாரணமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பூ வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி என்னையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஊரு கேக்கச் சொல்லிட்டியே, ஏலே."

"அம்மன்கிட்டயே பொய் சொல்லப் போனியே. அதுக்கு வெக்கமா இல்லயா ஒனக்கு?"

உண்டியலில் போட்டுவிட்டு வந்ததும் கேட்டான், "ஆபரேசன் முடிஞ்சதும் நாம கெட்டிக்கிடுவமா?"

"பாதிப் பொம்பளைய வச்சு என்ன செய்வ?"

"எனக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. பாதி ஆம்பளன்னு ஒதுக்கிட்டியா?"

சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன், சரி என்று சொல்லவில்லை.

ஆபரேசன் முடிந்த மறுநாள், மார்பிலிருந்து குழாயும் அதன் முனையில் பாட்டிலும் தொங்க, எழுந்து நடக்கச் சொன்னார்கள். கட்டுத்துணிக்குக் கீழே ஒரு பக்கம் ஒன்றுமில்லை. போர்வையை இறுக்கிக்கொண்டேன். வாசலில் மணி நின்றான்.

"யாரு நீங்க? புருசன தவிர ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது" என்றாள் நர்ஸ்.

"தெரிஞ்சவன்" என்று சொல்லி அவன் திரும்பினான்.

"சிஸ்டர், அவரு எங்க வீட்டுக்காரருதான்."

வார்டே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கழுத்தில் தாலி இல்லை. கை தன்னால் போய்க் கழுத்தை மூடியது. நர்ஸ் அதைப் பார்த்தாள். "அப்ப உள்ள வந்து இந்தப் பாட்டிலைப் பிடிங்க" என்றாள்.

ரத்த நீர் நிறைந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவன் என் பக்கத்தில் நடந்தான். நான் தரையைப் பார்த்தே நடந்தேன்.