அறுபதடியில் நின்ற தகரம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. பந்தியில் இலை போடுவதற்குள் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கு மேல் கற்றதெல்லாம் நாலு பேர் பேசக் கேட்டுக் கற்றது. அதனால் இதுவும் பேச்சைப் போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பூந்தமல்லிக்கு மேற்கே. அப்போது அங்கே மெட்ரோ தூணும் இல்லை, அடுக்குமாடியும் இல்லை, நெல்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். நிலம் மனையான பிறகு கொரட்டூருக்கு வந்தோம். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். லேத்தில் கடைந்து வரும் இரும்புச் சாமான் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மூன்று ஷிப்டிலும் மாறி மாறி உழைத்துத்தான் என் கல்யாணத்தை நடத்தினார், அப்பாவின் வைத்தியத்தைப் பார்த்தார், ஒரு வீட்டையும் கட்டினார். “ஆத்துல போட்டாலும் அளந்து போடு” என்பார் அம்மா. அண்ணன் சாம்பாருக்கு உப்பைக்கூட அளந்துதான் போடுவார்.

சர்க்கரை வந்தபோது டாக்டர் அவரைத் தினமும் ஓடச் சொன்னார். வெறுமனே ஓடுவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சிமெண்ட் டென்னிஸ் தரை உண்டு. கோடெல்லாம் எப்போதோ அழிந்துபோன தரை. பழைய மட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே போனார். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அங்கேதான் தயாளன் அவர்கள் நண்பரானார். ஐயப்பன்தாங்கலில் லோடு வண்டி வைத்திருப்பவர். காலையில் முதல் லோடு ஏற்றுவதற்கு முன் வண்டியைத் தரைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட வருவார்.

டென்னிஸ் பார்க்காத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டத்தைத் தொடங்க, பந்தை மேலே தூக்கிப்போட்டு எதிர்ப்பக்கக் கட்டத்துக்குள் ஓங்கி அடிப்பார்கள். அதற்கு சர்வ் என்று பெயர். அண்ணனின் சர்வ் அந்தத் தரையில் பேசப்பட்ட ஒன்று. பல வருஷம் கழித்து, டி.வி. ஆட்டத்தில் ஒவ்வொரு சர்வுக்கும் வேகம் எழுதிக் காட்டுவதைப் பார்த்த அண்ணனுக்குத் தன்னுடையதையும் அளந்துவிட ஆசை வந்தது.

“ரோட்டுல வண்டி ஸ்பீடு புடிக்கிற மிஷினு போலீஸ்காரர் கையில கீது மாமே. ஒருநாள் இரவல் கேக்கலாமா?” என்றார் தயாளன்.

“கேளு. உன் வண்டிக்குத்தான் மொத ஃபைனு” என்றார் அண்ணன்.

பிறகு அண்ணனே ஒரு வழி கண்டார். மட்டையில் பந்து படும் இடத்திலிருந்து அறுபதடி நாடா பிடித்து, கட்டத்தின் கோடு இருந்த இடத்தில் பழைய கொட்டகைத் தகரம் ஒன்றை நாற்காலியில் சாய்த்து நிறுத்தினார். மட்டையில் பட்டால் ஒரு சத்தம், தகரத்தில் பட்டால் ஒரு சத்தம். இரண்டையும் போனில் பதிவு செய்தால் நடுவில் எவ்வளவு நேரம் என்று தெரியும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். “போனை நட்ட நடுவுல வெச்சிக்கினு நில்லும்மா. அப்பதான் ரெண்டு சத்தமும் ஒரே தூரம் நடந்து வரும்” என்பார். அந்த வேலை எனக்கு.

முதல் நாள் கணக்கில் மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. டி.வி.யில் இருநூறு என்கிறார்களே என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அண்ணன் சிரித்தார்.

“அவன் சொல்றது பந்து மட்டைய உட்டுக் கெளம்பும்போது கீற வேகம்மா. நாம பாக்குறது தகரம் வரைக்கும் வந்து சேந்த வேகம். காத்து புடிச்சி இழுக்குதுல்ல? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட உட்டு பஸ்ஸு சீறிக்கினுதான் கெளம்பும். ஊட்டாண்ட வர்றப்ப எப்டி வருது?”

அண்ணி மட்டும் இதில் சேர மாட்டார். “இந்த வேகத்துல ஒருநாள் போய்ப் பால் பாக்கெட் வாங்கிகினு வந்திருக்கலாம்” என்பார்.

அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அதற்குப் பிந்தைய நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கை கால் அசந்துபோகிறது. ஊசி மருந்துக்காக ஆஸ்பத்திரி, ரிசல்டுக்காக ஆஸ்பத்திரி, ரிசல்டைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரி. போகும்போது தெம்பாகப் போவோம். வரும்போது பள்ளம் தோண்டிய சாலையில் ஆட்டோ குலுங்க, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடப்போம். அண்ணி உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டார். விழாமல் பார்த்துக்கொண்டால் இலேசாக ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசியின் அசதி குறைந்த காலைகளில் அண்ணன் தரைக்குப் போய் சர்வ் மட்டும் அடிப்பார்.

ஒரு நாள் அண்ணியிடம் சொன்னார்: “சர்வு நூறுக்குக் கீழ எறங்கிடுச்சின்னா எனக்கு ஊசி வேணாம். என்னை ஊட்டுலயே உட்ருங்க.”

அண்ணன் ஒரு அளவு சொன்னால் அதிலிருந்து நகர மாட்டார். எல்லாருக்கும் தெரியும். அதுவரை தரைப்பக்கமே வராத அண்ணி அன்று முதல் கம்பி வேலிக்கு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார். போனைப் பார்த்து நான் எண்ணைச் சொல்லும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். நூற்று ஐந்து வந்தது. பிறகு நூற்று இரண்டு. பிறகு நூறேதான்.

அதற்குப் பிறகு ஒரு ஆச்சரியம். நூறு நூறாகவே நின்றது. அண்ணனின் தோள் வற்றிக்கொண்டு வந்தது, மேலே போட்ட பந்தை எட்டுவதற்கே சிரமப்பட்டார். ஆனாலும் நூறு, நூற்று ஒன்று. “ஆடுன காலு சும்மா இருக்குமா?” என்று தயாளன் மெச்சுவார். காலையில் தகரத்தை எடுத்து வந்து நிறுத்துவது அவருடைய பொறுப்பு. ஒருநாள் சற்று முன்னதாகவே போனேன். தயாளன் தகரத்தைத் தூக்கி, அறுபதடிக்கு வைத்திருந்த அடையாளக் கல்லைத் தாண்டி நெட்டுப் பக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே அண்ணி. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வழக்கம்போல் போனோடு நடுவில் போய் நின்றேன். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி நான் அறுபதடிக்கே கணக்குப் போட்டேன், தகரம் நாளுக்கு நாள் முன்னால் வந்துகொண்டிருந்தது; பந்து அதில் சீக்கிரமே பட்டதால் எண் மட்டும் குறையவில்லை. இப்படியே ஊசி தொடர்ந்தது.

மழைக்குப் பிறகான ஒரு காலை. அண்ணன் இரண்டு பந்து அடித்துவிட்டு மட்டையை ஊன்றி நின்றார்.

“தயாளா, தகரத்த பழைய எடத்துல வை.”

“இது பழைய எடந்தான் மாமே.”

“அப்ப தெம்பில்லாத பந்து ஏன்டா தகரத்தோட நெஞ்சுல போய்ப் படுது? காலடியிலதானே உழணும்? இன்னும் கொஞ்சம் இட்டாந்தின்னா நெட்டுலயே மாட்டிக்கும்.”

தயாளன் தலை குனிந்துகொண்டார். அண்ணிதான் வேலியைப் பிடித்தபடி கேட்டார்: “தெரிஞ்சிக்கினேவா ஊசி போட்டுக்கினீங்க?”

“ஆமா. அம்மாம் கனத் தகரத்த இவன் தெனம் தூக்கி நவுத்துறான். நீ தெனம் வந்து நிக்கிற. நீங்க அசராதப்ப நான் மட்டும் எப்டி அசந்துபோறது?” என்றார் அண்ணன். சற்று மூச்சு வாங்கிவிட்டு, “இப்ப நெஜமாவே முடியல. நெஜமா ஒருவாட்டி அளந்துடலாம்” என்றார்.

தயாளன் தகரத்தை அறுபதடிக்குக் கொண்டுபோனார். அவர் அவ்வளவு மெதுவாக எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. நான் நடுவில் போனோடு நின்றேன். அண்ணன் பந்தைத் தூக்கிப்போட்டு அடித்தார். மட்டையின் சத்தம் கேட்டது. பந்து நெட்டைத் தாண்டியது, தகரத்துக்கு வெகு முன்னால் தரையில் விழுந்து, பக்கவாட்டில் உருண்டுபோய்விட்டது. இரண்டாவது சத்தம் வரவே இல்லை.

“எவ்ளோம்மா?” என்றார் அண்ணன்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தயாளன்தான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே கத்தினார்: “மிஷினுக்கே எட்டல நைனா! உன் ஸ்பீடு எவனுக்கும் புடிபடாது!”

அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். வேலிக் கதவைத் திறந்துகொண்டு முதல் தடவையாக உள்ளே வந்து, அண்ணன் கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டார். “வாங்க, ஊட்டுக்குப் போலாம்” என்றார்.

அதற்குப் பிறகு ஊசி இல்லை. டாக்டரும் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொண்டு, வலி தெரியாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்தார். அண்ணன் தம் வீட்டில், தம் கட்டிலில், அண்ணி பக்கத்தில் இருக்க, ஒரு மதிய வேளையில் கண்ணை மூடினார். அன்று அண்ணி நெடுநேரம் அழவில்லை. அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

மாதக்கணக்கில் சோறு கொடுத்தனுப்பிய கொரட்டூர் தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், அண்ணனைக் கடைசிவரை மரியாதையோடு நடத்திய டாக்டருக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. தயாளன் அவர்களுக்கு நன்றி சொன்னால், “யாருக்குச் சொல்ற நீ?” என்று கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

தரைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. தகரம் இப்போதும் அறுபதடியில்தான் நிற்கிறது. உங்களில் யாருக்காவது தேவைப்படும் நாள் வந்தால், தயங்காமல் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

— தங்கை, கொரட்டூர்