சத்து ஊசிப் போத்தல்

என் சித்தியின் வீட்டு மாடத்தில் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு இருக்கிறது. கட்டைவிரல் உயரமுள்ள ஊசி மருந்துப் போத்தல் அது. வாயில் துளையிட்ட தகரத்துண்டை வைத்து, பழஞ்சேலைத் துணியைத் திரியாகச் செருகியிருக்கிறாள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறை என்ற ஊரில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டாக்டர் ஜீப்பில் வந்து விசில் ஊதினார். அவ்வளவுதான், எங்கள் பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஆள் கணக்கெடுப்பார்கள். அதற்கு அப்படி நின்று பழக்கம். வராதவளுக்கு அன்று பேர் விழாது, கூலியும் கிடையாது. கடல் தாண்டி வந்த பிறகும் அந்தப் பயம் அவர்களை விடவில்லை. என்ன ஊசி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பெரட்டில் நிற்பவர்கள் கேள்வி கேட்பதில்லை. டாக்டருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நம்புகிறேன். நிலபுலம் உள்ள வீடுகளின் பக்கம் அந்த ஜீப் ஒருநாளும் திரும்பவில்லையே!

"சத்து ஊசிம்மா, ஒடம்பு தெம்பாகும்" என்றார். சித்திக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தெம்பு வந்தால் பிள்ளை தங்கும் என்று ஒருமுறையும் தவறாமல் கையை நீட்டினாள். மாதவிலக்கு தாறுமாறாகி, பிறகு நின்றேபோனது. உண்டாகிவிட்டோம் என்று வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள். அது பொய்த்தபோது ஒரு கூடை மரத்தக்காளியோடு அந்த டாக்டரிடமே போய், "ஒரு பிள்ளை தங்க மருந்து குடுங்கையா" என்று அழுதாள். அவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கூடையை வாங்கி ஜீப்பில் வைத்தார். பிறகு அதே ஊசியைப் போட்டார். மனுஷனா அவன்?

முதலில் அந்த ஜீப்பில் வந்து, பிறகு அந்த வேலையை விட்டு நின்றுவிட்ட நர்ஸ் ஒருவர் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சித்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது சத்து ஊசி இல்லம்மா. பிள்ளை தரிக்காம இருக்கப் போடுறது. புது மருந்த ஒங்க மேல போட்டுப் பாக்குறாங்க. மனசு கேக்காமத்தான் நான் வந்துட்டேன்."

அடுத்த விசிலுக்கும் சித்தி போனாள், வரிசையில் முதல் ஆளாக. கையை நீட்டவில்லை. "பிள்ளை இல்லேன்னு நான் அழுதேனே, அப்ப என்னங்கையா எழுதுனீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். வரிசை கலைந்தது. ஜீப் பிறகு வரவில்லை. போகிற போக்கில் காலிப் போத்தல்களையும் ஊசிகளையும் நாங்கள் தண்ணீர் எடுக்கும் ஓடைச் சரிவில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆடு மேய்த்தவர்கள் காலில் ஊசி ஏறியது. ஒவ்வொரு மழைக்கும் கண்ணாடிச் சில்லு தண்ணீரோடு இறங்கி வந்தது. அந்த மருந்து தேறியதா இல்லையா என்றுகூட எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

சித்திக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. கரண்ட் போனால் இன்றும் ஓடையில் பொறுக்கிய அந்தப் போத்தலைத்தான் ஏற்றுகிறாள். போன மாதம் பொறுக்க முடியாமல், "அதத் தூக்கி எறிஞ்சு தொலைங்களேன் சித்தி" என்றேன்.

திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள்: "எங்க எறியச் சொல்ற? திரும்ப ஓடையிலயா? யாரோ பெத்த பிள்ளை அதுல கால வைக்கும்ல."