தொடையளவுத் தண்ணீர்

தாம்பரத்தில் என் பட்டறைக்குப் பழைய பிக்கப் வண்டியோடு வந்தவர் பெரிய டயர் கேட்டார். டயர் பக்கத்தில் நின்று தன் தொடையில் கை வைத்து உயரம் பார்ப்பார். எப்போது வந்தாலும் அதே பழக்கம்.

“பெரிய டயரை இந்த ஆக்ஸில் தாங்காது சார்.”

“அப்ப அதையும் மாத்துண்ணா.”

“இன்னா சார், காட்டுக்கா போறீங்க?”

“முடிச்சூருக்கு. மழை வந்தா தெருவுல தொடை வரைக்கும் தண்ணி. ஆம்புலன்ஸ் வராது. வூட்டுக்காரிக்கு டயாலிசிஸ் உட முடியாது.”

கனமான ஆக்ஸில் போட்டு டயர் மாட்டினேன். மனைவியை அழைத்து வந்தார். வண்டி உயரத்துக்கு அந்த அம்மாவால் ஏற முடியவில்லை.

“தண்ணிய அளந்தியே, என்னை அளந்தியா?” என்று சிரித்தார்.

இவர் தரையில் ஒரு முட்டி போட்டார். அதே தொடையில் கால் வைத்து அம்மா ஏறினார்.

“படி ஒண்ணு வெல்ட் பண்ணித் தரேன் சார்.”

“வோணாண்ணா.”

ஏன் வேண்டாம் என்றார் என்று மழை வரும்போதெல்லாம் யோசிக்கிறேன்.