ஆளைக் கொன்ற படகு

சிறு வயதில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதிலும் அம்மாவின் தம்பி, கப்பல் கம்பெனி குமாஸ்தாவான மாமா மேல் கொஞ்சமும் கிடையாது. அப்பா இறந்த மாதம் அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ராயபுரத்து வீட்டுக்கு வந்தபோதே, எதற்கு அடிபோடுகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

அப்பா மூழ்கிச் சாகவில்லை. கரையேற்றும்போது அலை தூக்கியடித்து எங்கள் சொந்தப் படகே அவர் மார்பில் ஏறிவிட்டது. குடும்பத்துக்கு இருந்ததே அந்த ஒரு படகுதான். பெரியப்பா அதைப் பழுது பார்த்து, அப்பாவின் துடுப்பைப் பதினான்கு வயது அண்ணன் பிடிக்கட்டும் என்று முடிவும் செய்துவிட்டார். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

மாமா பெரியப்பாவிடம், சீமையில் ஒரு பழைய வார்த்தை உண்டு என்று ஆரம்பித்தார். தியோடண்ட். வண்டியோ மாடோ படகோ, ஆளைக் கொன்றதை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். அரசாங்கமே பிடுங்கித் தருமத்துக்குக் கொடுத்துவிடுமாம். கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று லத்தீனில் பொருளாம்.

"இன்னா மச்சான், கோயிலுக்குக் குட்த்துட்டா ஏலத்துல நீ எட்த்துக்கலாம்னு பாக்குறியா?" என்றார் பெரியப்பா.

எனக்கும் அதே சந்தேகம்தான். மாதா கோயிலுக்கு வரும் காணிக்கையைப் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கொடுத்த வீட்டார் மட்டும் கேட்கக் கூடாது. மாமா வேறு வீடு.

மறுநாள் மாதா கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டேன். லத்தீன் சரிதான், ஆனால் அந்தச் சட்டத்தைச் சீமையிலேயே எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சிரித்தார். மாமா வசமாக மாட்டினார் என்று ஓடிவந்தேன். வாசலில் இருந்த பெரியப்பாவிடம் வாய் திறப்பதற்குள் அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மாமா பொய் சொல்றாரும்மா."

"தெரியும். வெளிய சொல்லிக்கினு திரிஞ்சின்னா நாக்குல சூடு வெச்சுடுவேன்."

அன்றிலிருந்து அம்மாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

சீமைச் சட்டத்துக்கு மசியாத பெரியப்பா லத்தீனுக்குப் பயந்துவிட்டார். பூசையில் சாமியார் ஆண்டவரோடு பேசுகிற பாஷை ஆயிற்றே. படகைக் கோயிலுக்குக் கொடுத்தார்; ஞாயிற்றுக்கிழமை அது ஏலத்துக்கு வந்தது. நான் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அவர் வாயைத் திறக்கவில்லை. முகத்துவாரக்குப்பத்துக்காரர் ஒருவர் எடுத்தார்.

படகு வடக்கே போவதைப் பார்த்துப் பெரியப்பா வாய்விட்டு அழுதார். எனக்கும் ஆற்றாமையாக இருந்தது. அம்மா மட்டும் அழவில்லை. அண்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இந்தப் பொய்க்கு உடந்தையாக இருக்க மாமா அவளுக்கு என்ன தருவதாகச் சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.