போன தண்ணீரே திரும்பி வந்தது

ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையிலுள்ள ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறேன். தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி செய்கிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு சம்பவத்தை எழுதி வைக்கிறேன்.

1. பம்ப்

கரண்ட் ஏறி இறங்கியதில் மூன்றாம் மெஷினின் கூலிங் பம்ப் எரிந்துபோனது. உருகிய பிளாஸ்டிக் இறங்கும் மோல்டுக்குள் ஒரு குறுகிய தண்ணீர்ப் பாதை உண்டு. அதில் ஓடும் தண்ணீர் வெப்பத்தை எடுத்துப் போகாவிட்டால் மூடி கோணிவிடும். புதுப் பம்ப் எப்போது வரும் என்று லத்தா பகுதியில் பம்ப் விற்கும் கடைக்காரருக்கே தெரியவில்லை.

"பம்ப் வர்ற வரைக்கும் இந்த மெஷின் ஆளுங்கள வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். வேற வழி இருந்தா சொல்லும்மா" என்றார் முதலாளி காதர் பாய்.

அந்த மெஷினை ஓட்டுபவர் மாரியக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவர் என்னையே பார்த்தார்.

2. பிஸ்டன்

தண்ணீர் ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்பதில்லை. முன்னும் பின்னும் அசைந்தாலும் வெப்பம் வெளியேறும். பிஸ்டன் உள்ள பழைய சிலிண்டர் ஒன்றைக் கம்ப்ரஸர் காற்றால் இயக்கி, மோல்டின் ஒரு முனையில் மாட்டினேன். மறுமுனையிலிருந்து ஹோஸ், சுவருக்கு வெளியே இருந்த தண்ணீர் டிரம்முக்குப் போனது. பிஸ்டன் இழுத்தால் தண்ணீர் மோல்டு வழியாக வரும். தள்ளினால் அதே வழியில் திரும்பும்.

மூடிகள் கோணலாகவே விழுந்தன.

"என்னம்மா, அப்பளம் பொரிக்கிறியா?" என்றார் பாய்.

வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. பிறகு ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். மோல்டு பக்கம் சுட்டது. பாதிக்கு மேல் டிரம் வரை குளிர்ச்சி. பிஸ்டனின் ஒரு வீச்சில் நகரும் தண்ணீரைவிட ஹோஸ் கொள்ளும் தண்ணீர் அதிகம். சூடேறிய தண்ணீர் டிரம்மை எட்டும் முன்பே திரும்பிவிடுகிறது.

ஹோஸ் குட்டையாக வேண்டும். அதற்கு டிரம் மெஷினுக்கு அருகில் வர வேண்டும்.

3. பானைகள்

அந்த இடத்தில் குடிதண்ணீர்ப் பானைகள் இருந்தன. அதே மெஷினை முன்பு ஓட்டிவந்த, மறைந்த தன் கணவரின் பெயரில் மாரியக்கா தானமாக வைத்தவை. தானப் பானையை இங்கே யாரும் நகர்த்துவதில்லை. டிரம்மை நான் வெளியே வைத்ததும் அதனால்தான்.

"பானையவே மொறச்சுப் பாக்கறியே மா செல்வி, தாகமா?" என்றார் அக்கா. இங்கே பெண்களின் பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஒரு பானையின் மூடியைச் சரிசெய்தார்.

"எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப, இந்த மெஷின் நின்னா அவருக்குச் சோறு எறங்காது. பானை கேட்டாண்ட இருக்கட்டும், ரோட்ல போறவங்களும் குடிப்பாங்க."

கும்பிட்டுவிட்டு முதல் பானையை அவரே தூக்கினார். பாய் அடுத்ததைத் தூக்கினார்.

"பாய், மெதுவா! அது பானை, கால்பந்து இல்ல."

"நீ முன்னால பாத்து நட."

டிரம்மை உள்ளே கொண்டுவந்து குட்டை ஹோஸ் போட்டதும் முதலில் விழுந்த சில மூடிகள் வீணாயின. அடுத்ததை அக்கா மேஜைமேல் கவிழ்த்து விரலால் அழுத்தினார்.

"ஆடல" என்றார். அன்று யாரையும் வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பவில்லை.

நான் கற்றது இது: தண்ணீர் அசைந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வீச்சிலும் குளிர்ந்த தண்ணீர் மோல்டுக்குள் வந்தாக வேண்டும். ஹோஸ் நீளத்தை முதலில் கணக்கிடுங்கள். இடம்தான் தடை என்றால், அதற்கு உரியவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

புதுப் பம்ப் வந்தபின், பானைகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. அங்க நெறைய பேரு குடிக்கிறாங்க."

தினமும் கேட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.